பேப்பரில் போய்ச் சேர்ந்த லொறி

1961 சித்திரையில் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்ட இராணுவ லொறி ஆவணி பிறந்தும் போய்ச் சேரவில்லை. பழுதாகி எங்கும் நிற்கவுமில்லை. மாங்குளம் தாண்டி, ஒட்டுசுட்டான் தாண்டி, கடற்காற்று மணக்கும் இடம்வரை வரும். அடுத்த வளைவில் திரும்பினால் மறுபடி மாங்குளம். பெற்றோல் முள் இறங்கவில்லை. பிரேக்கை மிதித்தால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

பிழை தில்லைநாதனுடையது. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைக்காகப் படையினரோடு போன நிருபர் அவர். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தது. தணிக்கை அதிகாரி பார்த்த பிறகுதான் எதுவும் அச்சேறும். அந்தத் தாமதத்துக்குப் பயந்து நிருபர்கள் நாளைய செய்தியை இன்றே அனுப்புவார்கள். அவரும் லொறியில் ஏறுமுன்பே, படையினர் முல்லைத்தீவை அடைந்தனர் என்று தந்தி அடித்துவிட்டார். அது பத்திரிகையிலும் வந்துவிட்டது. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த லொறி இனி எப்படிப் போய்ச் சேரும்? திருத்தம் போடும்படி எழுதியெழுதி, முந்திப்போகும் பஸ் கண்டக்டர் லாபிரிடம் யன்னலால் நீட்டினார். இராணுவம் வழியில் சிக்குவதில்லை என்று சொல்லித் தணிக்கை அதிகாரி அத்தனையையும் வெட்டினார். குதிப்போமென்றால் லொறிக்குப் பொறுப்பான லெப்டினன்ற் துவக்கைத் தூக்கினான். அனுமதி முல்லைத்தீவில் இறங்கத்தானாம். தலையில் அடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

ஒட்டுசுட்டானில் றோட்டோர வீட்டில் தில்லைநாதனின் மனைவி கமலாசனிக்கு நிறைமாதம். முந்தி வந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தமுறை பக்கத்தில் இருப்பேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார். மத்தியானந்தோறும் லொறி படலையைத் தாண்டும்.

"நோ தொடங்கிட்டுதோ?" என்று கத்துவார்.

"இன்னுமில்லை! இறங்கி வாங்கோவன்!"

அதற்குள் புழுதிதான் மிஞ்சும்.

லாபிர் ஒரு வழி சொன்னான். "ஐயா, நிருபர் வீடு திரும்பினார் எண்டு போடச் சொல்லட்டே? அதை வெட்டமாட்டாங்கள்."

"வாயை மூடடா! அது அச்சில வந்தா நான் சாகும்வரை வீட்டுக்குப் போகேலாது!"

நோவும் ஒரு மத்தியானம்தான் கண்டது. கமலாசனி படுக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து அவவுக்கு வெறுத்துப்போயிருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு நடு றோட்டில் போய் நின்றா. சாரதி முழுப்பலத்தோடு பிரேக்கை மிதித்தான், லொறி ஊர்ந்தது. லெப்டினன்ற் மறித்தான்.

"தள்ளு தம்பி. என்னைப்பற்றிப் பேப்பரில ஒண்டும் வரேல்லை. நான் விரும்பின இடத்தில ஏறுவன்."

லெப்டினன்ற் துவக்கை ஓரமாய் வைத்தான். கையைக் கொடுத்து ஏற்றிவிட்டான். முத்தையன்கட்டுச் சந்தி தாண்டியதும் பெண்பிள்ளை பிறந்து, வீரிட்டு அழுதது. தில்லைநாதனும் அழுதார். அந்தச் செய்தியை மட்டும் அவர் எவருக்கும் எழுதவில்லை.

அதன்பிறகு மத்தியான லொறி வரும்போது பின்பலகையில் குழந்தைத் துணிகள் காயும். ஒட்டுசுட்டான் சனங்கள் மாடுகளை ஓரங்கட்டி வழிவிட்டு, கதலிப்பழச் சீப்பொன்றை உள்ளே எறிந்துவிட்டு, தங்கள் அலுவலைப் பார்க்கப் போவார்கள்.