பிக்கிளின் வாய்

1.

இந்தக் கதை ஒரு செத்த பறவையிலிருந்து பிறந்தது. நேற்று, சனிக்கிழமை காலை, தெற்கு டகோட்டாவில், மழை விட்ட புல்வெளியில். நானும் அங்கே இருந்தேன். எங்கே நின்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று மாலையிலிருந்து பதினோரு முறை தொடங்கிவிட்டேன். முதல் தொடக்கம் இது:

அடிவானம் வரை பொன்னிறப் புல் அலையாட, காற்று ஏதோ ஒரு பழைய துயரத்தை—

[அடித்துவிட்டேன். படித்த மொழிபெயர்ப்பு நாவல்களின் காற்றெல்லாம் என் பேனாவில் வீசுகிறது. புல் பொன்னிறமே இல்லை. நனைந்த சாக்கு நிறம்.]

2.

ஆர்டிஸ் ஹோவ்லாண்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுடைய கறுப்பு லாப்ரடார் நாயின் பெயர் பிக்கிள்.*

இரண்டு வருடம் முன்பு பிக்கிளை வெர்லின் ஸ்ட்ராண்டிடம் பயிற்சிக்கு விட்டாள். மாவட்டத்தில் பாதி வேட்டை நாய்கள் அவன் கையில் வளர்ந்தவை. மூன்றாம் நாள் பார்க்கப் போனாள். நாயை மேசையில் கட்டி, காதைக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கிக்கொண்டிருந்தான். வலி தாங்காமல் அது வாயைத் திறந்து அலறியதும் மரக்கட்டையைத் திணித்தான். கவ்வினால் வலி நிற்கும். அதுதான் பாடம்.

ஆர்டிஸ் கயிற்றை அவிழ்த்தாள்.

"கூட்டிட்டுப் போ தாயே," என்றான் வெர்லின். "காதைத் திருகாம வளர்த்த நாய்க்கு வாய் அடங்காது. ஒரு நாள் பறவையைக் கடிச்சு நொறுக்கும். அன்னைக்கு என்னை நினைச்சுக்குவ."

அவள் தானே பழக்கினாள். இப்போது பிக்கிள் பச்சை முட்டையைக் கவ்விவந்து, உடையாமல் உள்ளங்கையில் வைக்கும்.

நேற்று நடந்த வேட்டை நாய்த் தேர்வில் தேறினால் பிக்கிளுக்குப் பட்டம். பறவையை நொறுக்கியது என்று நடுவர் எழுதிவிட்டால், எங்கள் வேட்டை நாய்ச் சங்கத்தின் களத்தில் அது ஆயுளுக்கும் இறங்க முடியாது. நடுவர் வெர்லின்.

* தமிழில் 'ஊறுகாய்' என்று எழுதிப் பார்த்தேன். கதை சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வேண்டாம்.

3.

புல்லுக்குள் மூன்று ஃபெசன்ட்கள், நீண்ட வால் கொண்ட வேட்டைப் பறவைகள், முன்பே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. நாய் மோப்பம் பிடித்து எழுப்ப வேண்டும். பறவை எழுந்ததும் நாய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவையைச் சுட்டு வீழ்த்திய பிறகு, சொன்னால் மட்டும் போய் எடுத்துவர வேண்டும்.

முதல் இரண்டில் பிக்கிள் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்றாவது பறக்கவில்லை. ஒரு சிறகை அடித்துக்கொண்டு கிடந்தது. பிக்கிள் அதை மெல்லக் கவ்வி வந்து ஆர்டிஸின் கையில் கொடுத்தது. அதற்குள் செத்திருந்தது. வெர்லின் வாங்கி மார்பை அழுத்தினான்.

"விலா நொறுங்கியிருக்கு."

"அது பறக்கவே இல்லையே வெர்லின். ஏன் பறக்கல?"

"நனைஞ்ச பறவை பறக்காது."

"முதல் ரெண்டும் குடை பிடிச்சுக்கிட்டா இருந்துச்சு?"

யாரோ காபிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். வெர்லினின் கழுத்து சிவந்தது.

"நீ பஸ் ஓட்டு ஆர்டிஸ். நாய் விஷயத்தை எங்ககிட்ட விடு."

"தோலை உரிச்சுப் பாரு. பல் பட்ட ஓட்டை ஒண்ணு காட்டு. நானே பேரை அடிச்சுட்டுப் போறேன்."

"என் கை சொல்றதுதான் தீர்ப்பு."

"உன் கை சொன்னது பிக்கிள் காதுல இன்னும் தழும்பா இருக்குடா!"

அவன் தாளில் எழுதினான். பறவையை டிரக்கின் பின்னால் கிடந்த, அன்று செத்த பறவைகளின் குவியலில் எறிந்தான்.

4.

வெர்லினை வில்லனாக்க ஆசைப்பட்டேன். ஐந்தாம் பிரதியில் அவனுக்குக் குடிப்பழக்கம் கொடுத்தேன். ஏழாம் பிரதியில் வேண்டுமென்றே பொய்—

[இல்லை. காதைத் திருகுகிறவன்தான். ஆனால் நேற்று அவன் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை. விலா உண்மையிலேயே நொறுங்கித்தான் இருந்தது.]

அப்படியானால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பறவையை ஒளித்து வைத்தவன் ஒருவன் இருக்கிறானே. மூன்றாம் பிரதியில் அவன் பெயர் ஆர்வில். எட்டாம் பிரதியில் 'யாரோ ஒருவன்'. பத்தாம் பிரதியில் ஆளே இல்லை. பறவை தானாக வந்து புல்லில் படுத்துக்கொண்டது!

நான்தான். பன்னிரண்டு வருடமாக இந்தச் சங்கத்தில் உறுப்பினன். பறவையைச் சுழற்றிக் கிறங்கவைத்து, தலையைச் சிறகுக்குள் செருகிப் புல்லில் வைப்பது என் வேலை. மழையால் தாமதம், சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துகிறார்கள். மூன்றாவது திமிறியது. முழங்காலால் அழுத்தினேன். வேர்க்கடலை ஓடு உடைவதுபோல் ஒரு சத்தம். வேறு பறவை எடுத்திருக்க வேண்டும். கூண்டு நாற்பது அடி தள்ளி இருந்தது.

நாற்பது அடி.

5.

முடிவு அ: ஆர்டிஸ் பறவையின் தோலை உரிக்கிறாள். பல் தடமே இல்லை. கூட்டம் வாயடைத்து—

[அவளுக்கு அந்தப் பறவை கிடைக்கவே இல்லை. குவியலில் நாற்பதுக்கு மேல் கிடந்தன.]

முடிவு ஆ: நான் முன்னால் வந்து உண்மையைச் சொல்கிறேன். இதை ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் அற்புதமாகப் பேசுகிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அழகாக எழுத வந்த எனக்கு நேற்று களத்தில் வாய் வரவில்லையே.

நடந்தது இது. ஆர்டிஸ் ஒவ்வொரு பறவையாக எடுத்து மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிக்கிள் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தது. தேர்வு முடிந்தது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"இதுல எது என் பறவைன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். அதன் வால் இறகு ஒன்று என் ஈர முழங்காலில் ஒட்டியிருந்தது. ஆறடி தள்ளி நின்று, அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

6.

மேல்முறையீட்டுக்கு நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நான் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன், இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத தமிழில். இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு முறை கையால் மறைக்கிறேன்.

நாளை காலை ஏழு இருபதுக்கு ஆர்டிஸின் மஞ்சள் பேருந்து என் தெருமுனையில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறப்பாள். இறகு என் மேசையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் தெருமுனைக்குப் போகிறேனா, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பேருந்து போவதைப் பார்க்கிறேனா, நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் தெருமுனைக்குப் போனேன் என்றுதான் எழுதுவேன்.