சமையலறைக்குப் பக்கத்து அறை

தங்கள் வாடகை வீட்டின் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது, சுவரெல்லாம் பூஞ்சணம், போதாததற்கு வீட்டுக்காரன் அந்த வீட்டை விற்கப் போகிறான் என்று பிரேயா டேனிஷில் சொல்லச் சொல்ல, ராசமலருக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்பிலிருந்த தேங்காய்ப்பால் சொதியைக் கலக்கினாள்.

மேசையைச் சுற்றித் தாதிப் படிப்புப் படிக்கும் ஐந்து பெட்டைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி ராசமலரின் ஒரே மகள் நிலக்சி. இதே விபோர்க் நகரில், காரில் பத்து நிமிடத் தூரத்தில், தாயைத் தனியே விட்டுவிட்டு மற்ற நாலு பேரோடும் வாடகை வீடு எடுத்துப் போனவள். சகோதரிகளாம். வாசற்கதவிலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள். தான் பெறாத நாலு பேர் எப்படித் தன் பிள்ளைக்குச் சகோதரிகள் ஆனார்கள் என்று ராசமலருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரேயா போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டை, ராசமலர் மகளின் பிறந்தநாளுக்குத் தேடி வாங்கியது. போன குளிருக்கு நிலக்சிக்குக் காய்ச்சல் வந்தது, மாறின பிறகுதான் தாய்க்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும் இந்தப் பிரேயாதான். கஞ்சி வைக்க அவளுக்குப் பழக்கியவள் நிலக்சி. இந்த வீட்டில் ஒரு வெங்காயம் உரித்தறியாத பிள்ளை.

"நீ இஞ்சை வந்திரன் பிள்ளை. உன்ர அறை அப்பிடியே கிடக்கு."

நிலக்சி வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள். "நாங்கள் ஐந்து பேர், அம்மா."

ஐந்து பேரையா ராசமலர் வரச்சொல்லிக் கேட்டாள்?

ராசமலருக்கு ஒரு வீடு தெரியும். அவள் பராமரிப்பு வேலைக்குப் போய்வந்த கிழவி முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சொல்லு, வாடகைக்குக் கொடுக்கலாம் என்று கிழவியின் மகன் தானாகவே கேட்டிருந்தான். ஆனால் வேலையிடத்துக் கதையை வெளியில் கதைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கிழவியின் மூட்டுவலி முதல் மருமகள் சண்டை வரை மகளிடம் ஒப்பித்தவளுக்கு, இன்றைக்குத்தான் அந்தச் சட்டம் நினைவுக்கு வந்தது.

"வீடு கிடைக்கவில்லை என்றால் ஓர்ஹூஸ் நகரத்துக்கே மாறிவிடுவோம், எல்லோரும். பேசி முடிவெடுத்துவிட்டோம்," என்றாள் நிலக்சி.

ராசமலரின் கை நின்றது. ஓர்ஹூஸ் என்றால் பெருநாளுக்கு மட்டும் வருவாள். பிறகு அதுவும் இல்லை.

"குளத்தடியிலை ஒரு வீடு இருக்கு," என்றாள், சட்டியைப் பார்த்தபடி. "ஐஞ்சு அறை. நான் கதைச்சுப் பாக்கிறன்."

நிலக்சி அதை மற்றவர்களுக்கு டேனிஷில் சொன்னாள். கதிரைகள் பின்னால் போயின. ஐந்து பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, யார் கை யாருடையதென்று தெரியாமல் நின்றார்கள். ராசமலர் அகப்பையோடு நின்றாள்.

"சமையலறைக்குப் பக்கத்திலை ஒரு சின்ன அறையும் இருக்கு," என்றாள் மெதுவாக. "யன்னலாலை குளம் தெரியும். ஒராள் தாராளமாப் படுக்கலாம்."

நிலக்சி அதையும் சொன்னாள். பிரேயா நீலச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமை, சைக்கிள்களை அதற்குள் விடலாம்," என்றாள்.

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது, நிலக்சிக்கும். இடியப்பத் தட்டுகளை நீட்டினார்கள். ராசமலர் சொதியை ஊற்றிக்கொண்டு போனாள். பிரேயாவின் தட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தாள்.