இட்வலின் அலமாரியில் ஐந்து வரிகள்

எங்கள் கடலோர ஊரான போர்த் ஹெலிக்கில் பேஜர் அலறினால் ஏழு வீட்டு அடுப்புகள் அநாதையாகிவிடும். உயிர்காப்புப் படகுக்காரர்கள் ஏழு பேரும் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி கடற்கரைக்கு ஓடுவார்கள். ஒருவன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடுவான். முடிதிருத்தும் கடைக்காரி வாடிக்கையாளரின் தலையில் சாயத்தைப் பூசி அப்படியே உட்காரவைத்துவிட்டு ஓடுவாள். சம்பளமா என்றால் ஒரு காசு கிடையாது. முன்பின் தெரியாத யாரோ கடலில் தத்தளிக்கிறார், அவ்வளவுதான் காரணம். அவர்கள் ஓடிய பிறகு வீடு வீடாகப் போய் அடுப்பை அணைப்பது, குழாயை மூடுவது, தெருவில் நிற்கும் நாயை உள்ளே விடுவது எல்லாம் என் வேலை. ஏழு வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது.

என் பெயர் மெய்னிர். உயிர்காப்புப் படகு நிலையத்தில் கடையைப் பார்த்துக்கொள்வதும், ஊர் ஊராக உண்டியல் வைப்பதும், ஆகஸ்டில் நிதி திரட்டப் படகு நாள் திருவிழா நடத்துவதும் நான்தான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. ஆனால் சாவி விஷயத்தில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. கண் பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. யார் வீட்டில் பாத்திரம் எத்தனை நாளாகக் கழுவாமல் கிடக்கிறது, தனியாக இருப்பதாகச் சொல்பவர் கட்டிலில் எத்தனை தலையணை, எல்லாம் தெரியும். ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. வந்திருந்தால் சாவிகள் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். அடுத்த முறை ஓடுகிறவன் நின்று அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு ஓடுவான். அந்த இரண்டு நிமிடத்தில் கடலில் ஓர் உயிர் போய்விடும்.

இந்த வருஷப் படகு நாளில்தான் விஷயம் தொடங்கியது.

இட்வல் எங்கள் படகின் தலைவன். பதினெட்டு வருஷமாகச் சுக்கான் அவன் கையில். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், மனைவி போன பிறகு அந்தப் படகே குடும்பம் என்று ஆகிவிட்டவன். படகு நாளில் அவனை ஒரு மரச்சட்டத்துக்குள் தலையை நீட்டி நிற்க வைப்போம். பிள்ளைகள் ஈரப் பஞ்சை அவன் முகத்தில் எறியலாம், ஒரு பவுண்டுக்கு மூன்று. வழக்கமாகத் தலையை அப்படி இப்படி ஆட்டித் தப்பித்துவிடுவான். இந்த முறை எறிந்ததெல்லாம் முகத்தில் பட்டது.

"என்ன இட்வல், வயசாயிடுச்சா?" என்றேன்.

"பிள்ளைங்க ஜெயிக்கட்டுமேன்னு விடுறேன். உனக்கு வேணும்னா நீயும் எறி. ஆனா உனக்கு ரெண்டு பவுண்டு."

"உன் மூஞ்சிக்கு அது ஜாஸ்தி."

இரண்டரை மணிக்குப் பேஜர் அலறியது. ஈரம் சொட்டச் சொட்ட இட்வல் சட்டத்திலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடினான். இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். டிராக்டர் படகைத் தண்ணீருக்குள் தள்ளியது. என் மகள் லௌரி இட்வலுக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். படகின் இயந்திரம் அவள் பொறுப்பு. கடையை யாரோ ஓர் உல்லாசப் பயணியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நான் சாவிக் கொத்தோடு கிளம்பினேன்.

இட்வல் வீட்டில் ஆட்டிறைச்சியும் லீக் தண்டும் போட்ட சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். மூடி தேடி மேல் அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தடித்த பேனாவால் எழுதிய பெரிய ஆங்கில எழுத்துகள், ஐந்து வரிகள். முதல் வரியில் ஒரே ஓர் எழுத்து, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. இப்படியே கீழே போகப் போக எழுத்து கூடிக்கொண்டு போனது. சேர்த்துப் படித்தால் எந்த மொழியிலும் எந்த வார்த்தையும் வரவில்லை.

என்னவாக இருக்கும்? பாங்க் ரகசிய எழுத்தா? அதற்கு இத்தனை நீளமா? குதிரைப் பந்தயமா? இட்வல் குதிரைக்குப் புல்கூடப் போடமாட்டான். பாடகர் குழுவில் ஏதாவது சுரக்குறிப்பா? அவன் பாடினால் சாப்பலில் ஆட்கள் இருமுவார்கள். அதை நான் மனப்பாடம் செய்தேன் என்று சொல்லமாட்டேன். சூப் அடங்கும் வரை அங்கேயே நின்றேன், அது தானாகவே மண்டையில் ஏறிக்கொண்டது.

ஒரு மணி நேரத்தில் படகு திரும்பியது. நின்று துடுப்பு போடும் மிதவைப் பலகையில் போய்க் காற்றில் அடித்துச் செல்லப்பட்ட ஒரு அப்பாவும் சின்ன மகளும் போர்வை சுற்றி இறங்கினார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. உண்மையிலேயே யாரையாவது காப்பாற்றிய நாளில் உண்டியல் நிரம்பும் வேகமே தனி. இட்வல் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனான்.

அன்று வீட்டில் லௌரியிடம் மெதுவாகப் போட்டுப் பார்த்தேன்.

"இட்வல் இப்ப புதுசா ஏதாவது படிக்கிறானாடி?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"உனக்குச் சும்மான்னு ஒண்ணு கிடையாது. உன் வேலையைப் பாரும்மா."

அவள் அப்படி வெடுக்கென்று பேசுகிறவள் இல்லை. எனக்கு அரிப்பு இன்னும் கூடிவிட்டது. குளிக்கும்போது அந்த ஐந்து வரி, ரொட்டிக்கு மாவு பிசையும்போது அந்த ஐந்து வரி.

திங்கட்கிழமை டவுனில் உண்டியல் எடுக்கப் போனேன். மீன் வறுவல் கடை, மதுக்கடை, கடைசியாக ஹெவினின் கண்ணாடிக் கடை. ஹெவின் கண் பரிசோதகர், நல்ல பையன், நாற்பது வயதாகியும் எனக்குப் பையன்தான். படகு வடிவத்தில் இருக்கும் எங்கள் உண்டியல் அவன் மேசையில் இருந்தது. அவன் அதை எடுத்துத் தர, நான் வழக்கம்போல உள் அறையை எட்டிப் பார்த்தேன்.

சுவரில் அட்டை. முதல் வரியில் ஒரே ஓர் எழுத்து. இரண்டாவதில் இரண்டு.

இட்வலின் அலமாரியில் இருந்த அதே ஐந்து வரிகள். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன மெய்னிர், தலை சுத்துதா? தண்ணி கொண்டு வரவா?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

வெளியே வெயிலே இல்லை. அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "படகு நாள் அமர்க்களமாமே," என்றான். "வியாழக்கிழமை இட்வல் வர்றார், வருஷ டெஸ்டுக்கு. கேட்டுக்கறேன் முழுக் கதையும்."

அந்த டெஸ்டில் ஹெவின் கையெழுத்துப் போட்டால்தான் இட்வல் படகில் ஏறலாம். போடாவிட்டால் பதினெட்டு வருஷமும் அன்றோடு சரி. இட்வலுக்குப் படகை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஒரு சூப் சட்டி இருக்கிறது. அந்த எழுத்துகளை அவன் மனப்பாடம் செய்கிறான் என்று சொல்லிவிட்டேன் என்றால் ஏழு வீட்டுச் சாவியையும் கையில் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. சொல்லாவிட்டால், கண் தெரியாத ஒருவன் சுக்கான் பிடிக்கும் படகில் என் மகள் நிற்பாள். இட்வல் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஹெவின், அந்த அட்டை எத்தனை வருஷமா தொங்குது?"

"அப்பா காலத்துலேர்ந்து. ஏன்?"

"அதான பாத்தேன். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

தெருப் பக்கமாகத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரியையும் ஒப்பித்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. ஹெவின் முதலில் சிரித்தான். மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க கடைசியா இங்க டெஸ்டுக்கு வந்து நாலு வருஷமாச்சு," என்றான்.

"எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த உண்டியலைப் பார்த்தான். மேசை டிராயரை இழுத்தான்.

"டிராயர்ல வேற அட்டை இருக்கு. இன்னைக்கே மாத்திடறேன்."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை, சட்டத்தை மீறவில்லை. பஸ்ஸில் பன்னிரண்டு மைலும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிகூட நம்பவில்லை.

வியாழக்கிழமை மதியம் படகுக் கொட்டகையில் எல்லாரும் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். லௌரி ரப்பர் கையுறை போட்டு இயந்திரத்தின் பக்கம் இருந்தாள். படகில் இட்வலுக்கு அடுத்த நிலையில் இருந்த ரோட்ரி நீர்க்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கடைப் பக்கம் சாவிவளையங்களை அடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றேன். இட்வல் வந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு, சொல்றேன்."

ரோட்ரி குழாயை மூடினான்.

"ஹெவின் என்னை உக்காரவெச்சு, படிங்கன்னான். படிச்சேன். சும்மா இல்ல, சாப்பல்ல வேதம் வாசிக்கற மாதிரி நிறுத்தி நிதானமா, அஞ்சு வரியும். அவன் நடுவுல ஒரு வார்த்தை பேசல. நான் முடிச்சதும் பேனாவ மூடி வெச்சுட்டு, 'டீ சாப்பிடறீங்களா இட்வல்'னான். எதுக்குடா டீன்னேன். 'திங்கக்கிழமை அட்டைய மாத்திட்டேன்'னான்." இட்வல் சிரிக்கப் பார்த்தான். "முதல் எழுத்தே வேற. சட்டி மூடி அளவு எழுத்து. அதக்கூட நான் பாக்கல."

யாரும் சிரிக்கவில்லை.

"யாரு மாத்தச் சொன்னது?" என்று லௌரி கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் நேராக என்னிடம் வந்துவிட்டது.

"நான்தான்," என்றேன். "மூடி தேடி அலமாரியத் திறந்தேன்."

"மூடி கீழ் அலமாரில இருக்கும்," என்றான் இட்வல். "பதினெட்டு வருஷமா என் அடுப்ப அணைக்கற, அது உனக்குத் தெரியாதாக்கும்."

"மெனக்கெட்டுத் தேடலப்பா. சூப் பொங்கிடுச்சு. இட்வல், என் பொண்ணு அந்தப் படகுல நிக்கறா."

"அந்தப் பேப்பர எழுதினதே உன் பொண்ணுதாம்மா," என்றாள் லௌரி.

நான் கையில் இருந்த சாவிவளையங்களைக் கீழே வைத்தேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடி என் டெஸ்டுக்குப் போனப்ப போன்ல படம் எடுத்துட்டு வந்தேன். பெரிசா எழுதி ஒட்டிக் கொடுத்தேன். தினம் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆகட்டும்னு."

"கண்ணு தெரியாதவனோட நீ கடலுக்குப் போனியா?"

"எனக்குக் கண்ணு இருக்கு. அவருக்குக் கடல் தெரியும். பூனைப் பாறை எங்க இருக்கு, எந்த ஓதத்துல எவ்ளோ முங்கும்னு தூக்கத்துலகூட சொல்வாரு. நான் பக்கத்துல நின்னு தெரியறதச் சொல்வேன், அவர் திருப்புவாரு. எல்லாருக்கும் தெரியும்."

ரோட்ரி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிதிருத்துகிறவள் படகின் மறுபக்கம் போய் ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைத்தாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்த எனக்கு, என் வீட்டுக்குள்ளேயே இருந்த இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வலித்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா நீ சரியானதைச் செஞ்சிருப்பம்மா. அதான் சொல்லல."

"லௌரி, போதும்," என்றான் இட்வல். "சனிக்கிழமை படகு நாள்ல நடந்ததையும் சொல்லு."

அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனே சொன்னான்.

"அந்தப் பலகைல வந்த சின்னப் பொண்ணு. சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தாளாம். நான் அவளத்தான் நேரா பாத்துட்டு இருந்திருக்கேன். நேரா பாத்தாத்தான் எனக்கு ஒண்ணும் தெரியாது, நடுவுல புகை மாதிரி. இவளுக்குச் சொல்லக்கூட நேரமில்ல. சுக்கானைப் புடுங்கித் திருப்பினா. ஒரு கை தூரம். காப்பாத்தப் போன நானே அந்தப் பிள்ளை மேல படக ஏத்தியிருப்பேன்."

லௌரி முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அன்னைலேர்ந்து யாராவது என்னை நிறுத்திட மாட்டாங்களான்னு இருந்துச்சு," என்றான். "நானா நிறுத்த முடியல. டெஸ்டுக்குப் போறப்பகூட அஞ்சு வரியையும் சொல்லிப் பாத்துட்டேதான் போனேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கேயோ பார்த்தான். இப்போதுதான் புரிந்தது, என்னைப் பார்க்க அவன் அப்படித்தான் பார்க்க வேண்டும். "அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத, மெய்னிர்."

"நெனைக்கல," என்றேன்.

அவன் சட்டைப்பையில் துழாவி எதையோ எடுத்து லௌரியிடம் நீட்டினான். கார் சாவி.

"என்னைக் கொண்டுபோய் வீட்ல விட்டுடறியாம்மா?"

"கார் இங்கயா இருக்கு? யாரு ஓட்டிட்டு வந்தாங்க?"

"நான்தான்," என்றான் இட்வல். "டவுன்லேர்ந்து பன்னெண்டு மைல். வழியில யாரையெல்லாம் தாண்டி வந்தேன்னு எனக்குத் தெரியாது."

லௌரி கையுறையைக் கழற்றிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.