கழற்றாத ஒயர்

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். அந்த வீட்டில் ஒரே சாப்பாட்டு மேஜையில் ஒரு அண்ணியும் ஒரு நாத்தனாரும் ஒரு வருஷமாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். நடுவில் முப்பத்திரண்டு அங்குல மானிட்டர் ஒன்று, பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனுஷனைப் போல நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேருமே கட்டட வரைபடம் போடுகிறவர்கள். ஒரே அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே படம் போட்டுக் கொடுப்பவர்கள். நாத்தனாருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட அந்த நாளை நினைத்து அவள் தினம் ஒரு தடவையாவது தலையில் அடித்துக்கொள்வாள். இருவரிடமும் இருந்தவை நோட்டுப் புத்தகம் அளவுக்குக் குட்டி லேப்டாப்புகள். அதில் ஒரு வீட்டுப் படத்தை முழுசாகப் போட்டால் கோடெல்லாம் எறும்பு ஊர்ந்த தடம் போல இருக்கும். பெரிதாக்கினால் சமையலறை தெரியும்போது வாசல் தெரியாது, வாசலுக்குப் போனால் மாடிப்படி ஓடிப்போயிருக்கும்.

இரண்டு பேரும் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துத்தான் அண்ணியின் கணவர், அதாவது நாத்தனாரின் அண்ணன், மானிட்டரை வாங்கி வந்தார். பாம்பும் சாகக் கூடாது, தடியும் முறியக் கூடாது என்று பேசுகிற மனுஷன். அண்ணி மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் தராசு. தராசு தீர்ப்பும் சொன்னார். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மனைவிக்கு, பன்னிரண்டிலிருந்து நாலு வரை தங்கைக்கு. முறை முடிந்ததும் அவரவர் ஒயரை அவரவர் கழற்றிவிட வேண்டும்.

அண்ணி மணி அடித்த மாதிரி கழற்றிவிடுவாள். நாத்தனார் ஒருநாளும் கழற்றியதில்லை. மானிட்டரின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருந்ததால் அண்ணி தன் ஒயரை இன்னொன்றில் செருகி வேலையைப் பார்ப்பாள். ஆனால் தன் முறையிலும் அந்தக் கறுப்பு ஒயர் மேஜையின் குறுக்கே ஓடி, மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாரின் லேப்டாப்பில் முடிவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரியும்.

"கழட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் அண்ணி. உங்களைக் கடிக்கவா போகுது?"

இப்படி இருக்கையில்தான் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ஒரே ஒரு நிரந்தர வேலை. தனி மேஜை, தனி மானிட்டர், நேரே அலுவலகத்துக்குப் போய் உட்காரலாம். பத்துப் படுக்கை கொண்ட சின்ன மருத்துவமனைக்குத் தரைத்தளம் போட்டு வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். யார் படம் நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை.

அண்ணிக்கு அந்த வேலை வேண்டும். சும்மா வேண்டும் என்பதில்லை, உயிரே போகிற மாதிரி வேண்டும். இந்த மேஜையை விட்டு, இந்த ஒயரை விட்டு, "அண்ணி, நாலு மணிக்குக் கொஞ்சம் சத்தம் போடாம பாத்திரம் கழுவுங்க" என்கிற குரலை விட்டு வெளியே போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"நீயும் போடப் போறியா?" என்று கேட்டாள்.

"எனக்கெதுக்கு அந்தத் தலைவலி? காலையில எழுந்து ஓடணும். நீங்க போடுங்க அண்ணி."

நாத்தனார் இப்படி விட்டுக்கொடுத்துப் பேசியதே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அண்ணியின் அப்பா முன்பு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஒன்பது நாளும் இவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸின் மேஜை ஒரு மூலையில், அப்பாவின் கட்டில் இன்னொரு மூலையில், நடுவில் ஒரு சுவர். அவருக்கு மூச்சு முட்டிய நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சுவரை அவள் மறக்கவே இல்லை. இந்தப் படத்தில் நர்ஸின் மேஜையை அரைவட்டமாக நடுவில் வைத்தாள். கழுத்தைத் திருப்பினால் மூன்று அறைகளின் கட்டில்களும் தெரியும்படி கதவுகளைச் சாய்வாகப் போட்டாள். மூன்று நாள் யோசித்து வந்த சாய்வு அது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், மானிட்டரில் அவள் முறை இல்லாதபோதும் பொறுக்க முடியாமல், படுக்கையறையில் உட்கார்ந்து குட்டித் திரையிலேயே மிச்சப் படத்தையும் முடித்தாள். புதன் காலை மானிட்டரில் போட்டாள். முழுக் கட்டடமும் கண்ணெதிரே விரிந்தது. அதற்குள் அடுப்பில் பால் பொங்க, உள்ளே ஓடினாள். பாலைத் துடைத்து, அடுப்பைக் கழுவி, டீ போட்டுக்கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆனது. திரும்பி வந்தபோது நாத்தனார் மானிட்டருக்கு எதிரே சோபாவில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டிருந்தா நான் பாலைப் பார்த்திருப்பேனே அண்ணி," என்றாள்.

அந்தக் கரிசனமும் புதுசுதான். அண்ணி உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் டீ புரையேறியது. நோயாளிகளின் கழிப்பறைக்குக் கதவே இல்லை! நாலு பக்கமும் சுவர். குட்டித் திரையில் துண்டு துண்டாகப் போட்டதில் அந்தப் பக்கம் போகாமலே விட்டிருக்கிறாள். 'வயித்தைப் பிடிச்சிக்கிட்டு வர்றவன் சுவரேறிக் குதிச்சாத்தான் உண்டு' என்று தனக்குள் சிரித்து, கதவைப் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே படத்தை அனுப்பிவிட்டாள். மனசு லேசாகி, மேஜையைத் துடைக்கலாம் என்று லேப்டாப்பைக் கொஞ்சம் நகர்த்தினாள். அவள் ஒயர் துளையிலிருந்து நழுவிவிட்டது. மானிட்டர் ஒரு வினாடி கறுத்தது. ஒரு ஒயரில் ஒன்றும் வரவில்லையென்றால் அது தானாகவே மற்ற ஒயரைத் தேடிப் போகும். போனது. திரை வெளிச்சமானது.

திரையில் அவளுடைய மருத்துவமனை இருந்தது.

முதலில் தன் படம்தான் என்று நினைத்தாள். மூலையில் நாத்தனாரின் பெயர் இருந்தது. அரைவட்ட மேஜை, மூன்று அறைகள், அதே சாய்வு. எழுத்தின் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தாள் புண்ணியவதி. அண்ணிக்குக் காதுமடல் சுட்டது. அப்பாவின் ஒன்பது நாளையும் கைபேசியில் படம் பிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மானிட்டரின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு இது எதுவும் தெரியாது. அவள் லேப்டாப்போ, ஒயர் மாட்டியிருப்பதால் பெரிய திரை தன்னுடையது என்றே நினைத்து, திறந்த படத்தை அங்கே அனுப்பிவிட்டிருந்தது. அவளுடைய குட்டித் திரையில் ஒன்றுமில்லை. டொக் டொக்கென்று தட்டினாள்.

"இப்பத்தானே திறந்தேன். எங்க போய்த் தொலைஞ்சுது சனியன்? அண்ணி, ஒரு ஃபைலைத் திறந்தா காணாமப் போயிடுது. ஏன்னு தெரியுமா?"

அண்ணி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. அப்போது கண்ணில் பட்டது, வலப்பக்கக் கோடியில், நோயாளிகளின் கழிப்பறை. நாலு பக்கமும் சுவர்.

ஈயடிச்சான் காப்பி என்றால் இதுதான். இரண்டு நாள் இதே பெரிய திரையில் வைத்து வரைந்திருக்கிறாள். காப்பியடிக்கிறவளுக்குக் கோடு தெரியும், கதவு தெரியுமா?

"என்ன ஃபைல்?" என்று கேட்டாள் அண்ணி.

"சும்மா, பழைய படம். ஒருதடவை சரிபார்க்கலாம்னு."

"எனக்கெப்படித் தெரியும்? உன் லேப்டாப்பு, உன் ஃபைலு."

சொல்லிவிட்டுத் தன் ஒயரை மெதுவாகச் செருகினாள். திரை அவள் பக்கம் திரும்பியது. நாத்தனார் இன்னும் இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, "போகட்டும், பார்த்தவரைக்கும் போதும்" என்று முணுமுணுத்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் எதையோ அனுப்பிய சத்தம் கேட்டது. அண்ணிக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. திருப்தியாக இருந்தது. பசி நேரத்தில் சோற்று வாசனை வருகிற மாதிரித் திருப்தி.

மூன்று மணிக்கு அலுவலகத்துப் பொறுப்பாளர் மேடம் இரண்டு பேரையும் காணொளியில் கூப்பிட்டார். நாத்தனார் கூடத்தில் பெரிய மானிட்டர் முன்னால், அண்ணி படுக்கையறையில் குட்டி லேப்டாப்பில். மேடத்தின் குரல் லேப்டாப்பில் ஒருதரமும் கூடத்திலிருந்து ஒருதரமும் வந்தது. தராசுக்கு அன்று விடுப்பு. நாத்தனாருக்குப் பின்னால் சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு தெரியும். படமும் ஒரே படமா இருக்கே? யாரு யாரைப் பார்த்துப் போட்டது?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம். அந்த நர்ஸ் டேபிள் ஐடியா நான்தான் பேச்சுவாக்குல அண்ணிக்குச் சொன்னேன். அவங்களும் அதையே போடுவாங்கன்னு நினைக்கல. பரவாயில்லை, வீட்டுக்குள்ள என்ன இருக்கு?"

கழிப்பறை ஒன்றே போதும் என்று அண்ணி கணக்குப் போட்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பாள் என்று தெரியும், அதையே இவள் தட்டில் வைத்துவிட்டுப் போவாள் என்று தெரியாது. இப்போது நான்தான் போட்டேன் என்று அழுதாலும் இரண்டு பொம்பளைகளின் குடுமிப்பிடிச் சண்டையாகத்தான் தெரியும். காலையிலேயே கேட்டிருக்கலாம், சத்தம் போட்டிருக்கலாம். வேலை கைநழுவிப் போவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"அப்படியா?" என்றார் மேடம். "சரி, ஐடியா உங்களோடதுன்னா நீங்களே சொல்லுங்க. இந்த நோயாளிங்க டாய்லெட்டுக்கு எந்தப் பக்கமா போறது?"

மேடம் நாத்தனாரின் படத்தைப் பெரிதாக்கினார். முப்பத்திரண்டு அங்குலத்துக்கும் சுவர்தான். நாத்தனார் தேடினாள், தேடினாள், கதவு கிடைக்கவில்லை. முகம் வெளிறிப்போய், பதற்றத்தில், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துச் சொன்னாள்:

"அண்ணி படத்துலயும் கதவு இல்லையே மேடம்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

மேடம் இன்னொரு படத்தைப் பெரிதாக்கினார். அதில் கதவு இருந்தது.

"இதுல இருக்கே," என்றார். "கதவு இல்லாத படத்தை நீங்க எப்பப் பார்த்தீங்க?"

அண்ணி சொன்னாள்: "புதன்கிழமை காலையில மேடம். நான் பாலை இறக்கப் போனப்போ. அதுக்கப்புறம்தான் கதவு போட்டேன்." கதவுகள் ஏன் சாய்வாக இருக்கின்றன என்று மேடம் கேட்க, அந்த ஒன்பது நாளையும் அந்தச் சுவரையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க," என்றார் மேடம். கூடத்துப் பக்கம் அவர் வேறெதுவும் சொல்லவில்லை. இனி அங்கிருந்து படம் கேட்கப் போவதில்லை என்பது சொல்லாமலே விளங்கியது.

அண்ணி கூடத்துக்கு வந்தாள். நாத்தனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் காணாமல் போன படம், இவள் பார்த்த இதே மானிட்டரில்தான் இருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாக நிமிர்ந்தாள்.

"காலையில நான் ஃபைலைத் தேடினப்போ... உங்களுக்குத் தெரிஞ்சுதா அண்ணி?"

"தெரிஞ்சுது."

"கதவு இல்லைன்னும்?"

"அதுவும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் அண்ணி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும்.

தராசு தொண்டையைச் செருமினார். "ஒரு விதத்துல பார்த்தா, ரெண்டு பேர் மேலயும்..."

"பேசாதீங்க," என்றார்கள் இரண்டு பேரும். அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

அண்ணி மானிட்டரின் பின்னால் கைவிட்டு, அந்தக் கறுப்பு ஒயரைப் பிடுங்கினாள். தூசு படிந்து ஒட்டியிருந்ததால் கொஞ்சம் பலமாகவே இழுக்க வேண்டியிருந்தது. அழகாகச் சுருட்டி நாத்தனாரின் முன்னால் வைத்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து முழு நாளும் உன் முறைதான்," என்றாள். "இனிமே இதுல போட்டுப் பார்க்க நீயா ஒரு படம் வரைஞ்சுக்கோ."