ப்ரூமின் அசல் முகம்

இரண்டு வாரமாகக் கைப்பையிலேயே வைத்திருந்த பழைய புகைப்படத்தை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒடெஸா, சபை ஊழியரான டீக்கன் டாலிவரிடம் நீட்டினாள். தேவாலய அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்தது. பின்பக்கம் மங்கிய மையில், 'ஐசாயா ப்ரூம், குதிரைலாயம்' என்று எழுதியிருந்தது.

டீக்கன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ப்ரூம் அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில் இந்த ஊரில் வாடகைக் குதிரை வண்டி விட்டுச் சம்பாதித்த கறுப்பர். அதே வண்டிகளில் வைக்கோலுக்கடியில் தப்பி வந்த அடிமைகளை ஒளித்து, விடுதலை கிடைக்கும் வடக்கே அனுப்பியவர். போன வருஷம் நூலகச் சுவரில் அவரை வரைய முடிவானபோது அவருக்குப் படமே இல்லை. ஓவியர் ரெனெல் சபையாரிடம் ஒரு முகம் கேட்டாள். எல்லாரும் சேர்ந்து கொடுத்தது ஒடெஸாவின் மகன் ஜெரிக்கோவின் முகம். பத்தொன்பது வயதில் ரத்த நோய் கொண்டுபோன பிள்ளை. அன்றிலிருந்து வேலை விட்டு வரும்போது அவள் ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவாள். சுவரடியில் நின்று அன்றைய கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீடு.

"எவ்வளவு நாளா இது உங்கிட்ட இருக்கு?"

"ரெண்டு வாரமா. கிழிச்சுப் போடலாம்னுதான் பாத்தேன்."

"நீயா வாயத் தொறக்கலைன்னா ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காதே, சிஸ்டர்."

"அதான் தூக்கம் வரல. அந்த மனுசன அஞ்சு வயசுல தாய்கிட்டேருந்து பிரிச்சு வித்துட்டாங்க. அவளும் இந்த முகத்தத் தேடித் தேடித்தான செத்திருப்பா."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் டீக்கன் அன்று படத்தை நேரே ரெனெலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இங்கே சுவர்ச் சித்திரத்தை நேரே சுவரில் வரைவதில்லை. மெல்லிய துணியில் கட்டம் கட்டமாக எண் போட்டுக் கொடுப்பார்கள். சபையார் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வண்ணம் நிரப்புவார்கள். பிறகு பசையிட்டு ஒட்டுவது. புது முகமும் அப்படித்தான் தயாரானது. வர வேண்டாம் என்று ரெனெல் எவ்வளவோ சொல்லியும் ஒடெஸா போய், தாடியின் நரையைத் தீட்டிவிட்டு வந்தாள்.

ஒட்டும் நாளில் சாரத்திலும் ஏறினாள்.

"அவன அழிக்கல, மிஸ் ஒடெஸா. மேலதான் ஒட்டுறோம். அடியில இருப்பான்."

"தெரியும் கண்ணு. துணிக்கடியில காத்து நிக்காம நான் தேய்க்கிறேன்."

ரெனெல் துணியை மேலிருந்து மெல்ல இறக்கினாள். ஒடெஸா உள்ளங்கையால் நெற்றியை நீவினாள், புருவத்தை நீவினாள். கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஒட்டாமல் மடங்கித் தொங்கிய துணிக்குக் கீழே ஜெரிக்கோவின் வாயும் மோவாயும் இன்னும் தெரிந்தன.

"ஒரு நிமிஷம் பிடி" என்றாள்.

ரெனெல் இரு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்தாள். வெயிலில் பசை காயத் தொடங்கியிருந்தது.