தண்ணீர் ஓடியதா?

“தண்ணி ஓடுச்சா?”

தினமும் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்பார்கள். நான் குழாய் வேலை செய்கிறவன். அடைப்பு எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் வீட்டுக்காரர் தலைக்கு மேல் நின்று கேட்பார். ஆனால் அன்றைக்குக் கேட்டவர் பங்குச் சாமியார். அவர் கேட்டது என் பிள்ளைகளின் தலையைப் பற்றி.

சின்னவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒருவழியாக அவன் கன்னத்தில் கொஞ்சம் சதையும் வைத்த பிறகு, திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, நாள் கேட்கத்தான் போயிருந்தோம். கோயிலுக்குப் போவதெல்லாம் என் மனைவிதான். எனக்குக் கோயிலும் கிடையாது, குளமும் கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவளைக் கட்டினேன். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“ஆஸ்பத்திரியிலயே இவரு குடுத்துட்டாரு ஃபாதர். ரெண்டு பேருக்கும்.”

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். சரி, இன்றைக்கு நமக்கு மண்டகப்படிதான் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்படியா? எப்படிக் குடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. இது ஒரு தடவ குடுத்தா குடுத்ததுதான், திருப்பிக் குடுக்க முடியாது. அதான் கேக்கறேன்.”

சொன்னேன். இரட்டைப் பிள்ளைகள். முதலில் பெண், அடுத்து பையன். மாதம் நிறையாமல் பிறந்துவிட்டார்கள். இவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, “தலையில தண்ணி ஊத்தி இதச் சொல்லுங்க” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித் தந்தாள். நான் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் சட்டையை விட்டாள். அவள் கண் விழிப்பதற்குள் மூத்தவள் போய்விட்டாள். துணியில் சுற்றித்தான் மகளை இவள் பார்த்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்.”

“சரியா இருக்கு. என்ன நெனச்சுக்கிட்டுச் செஞ்சீங்க?”

“என்னத்த நெனைக்கறது? பொண்டாட்டி சொன்னத அப்படியே செய்யணும்னு நெனச்சேன்.”

“சபை செய்யறதத்தான் அவங்க உங்களச் செய்யச் சொன்னாங்க, நீங்க செஞ்சீங்க. போதும்.”

“நான் சாமி கும்பிடறவனே இல்லயே ஃபாதர்.”

“உயிருக்கு ஆபத்துன்னா யார் வேணும்னாலும் குடுக்கலாம். நீங்க குடுத்தாலும் செல்லும்.”

எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு இணைப்பும் கொடுக்க விடாத ஊரில், இவ்வளவு பெரிய காரியத்தை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்களே! அப்போதுதான் அவர் எப்படி ஊற்றினீர்கள் என்று கேட்டார்.

“ஊத்தல. பஞ்சு. ஊத்தினா குளிர்ல தாங்காதுன்னு நர்ஸம்மா பஞ்ச நனைச்சுக் குடுத்தாங்க. அதாலதான் நெத்தியில…”

அதற்குத்தான் அந்தக் கேள்வி. தண்ணி ஓடுச்சா?

தண்ணீர் தலையில் கொஞ்சமாவது ஓட வேண்டுமாம். ஈரம் பட்டால் மட்டும் போதுமா என்பது சந்தேகமாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “உள்ளங்கை அளவு உசுரு ஃபாதர் அது! வாளியிலயா ஊத்தச் சொல்றீங்க?”

அவர் கோபிக்கவில்லை. “பையனுக்கு ஒரு வழி இருக்கு. ‘நீ இன்னும் திருமுழுக்குப் பெறாதிருந்தால்’னு முன்னால சேத்துச் சொல்லி நான் ஊத்திடுவேன்.”

“அப்ப மூத்தவளுக்கு?” என்றாள் மனைவி.

சாமியார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கடவுள் நம்மளத்தான் திருமுழுக்கு மாதிரி அருளடையாளங்களோட கட்டிப்போட்டிருக்காரும்மா, தன்னைக் கட்டிப்போட்டுக்கல. உன் ஆசை அவருக்குத் தெரியாதா? உன் மகள அவர் கைவிட மாட்டாரு.”

சும்மா இருப்பேனா நான்? “அவரு ஆசையப் பாத்தே செஞ்சுடுவாருன்னா தண்ணி எதுக்கு?”

“நல்ல கேள்வி. உங்களுக்கு இவங்க மேல பிரியம் உண்டுல்ல? அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சண்டை போட்டாலும் சாப்பாடு போட்டு வச்சிருப்பேன். காய்ச்சல்னா கால் பிடிச்சு விடுவேன்.”

“அதான். நமக்கு உடம்பு இருக்கு. உடம்புக்கு எட்டற மாதிரி ஏதாவது நடந்தாத்தான் நமக்குப் புரியும். தண்ணி, எண்ணெய், அப்பம், ஒரு கை. அதுக்குள்ள அவரு வராரு.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குப் போதவில்லை. தெருவில் நடந்துகொண்டே சொன்னாள். “கடவுள் பாத்துப்பாரு, எனக்குத் தெரியும். ஆனா அவளுக்குன்னு நாம செஞ்சது அது ஒண்ணுதாங்க. பால் குடுக்கல, தூக்கி வச்சுக்கல. அதுவும் சந்தேகம்னா அவளுக்கு நாம என்னதான் செஞ்சோம்?”

வீட்டுக்கு வந்ததும் பஞ்சும் கிண்ணமுமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். லேசாக ஒற்றினேன். நெற்றி ஈரமானதோடு சரி. அழுத்தினேன். மூக்கு வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது. அன்றைக்கு எப்படிச் செய்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பிள்ளைகளை வைத்திருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என் கை நுழைந்தது வரைக்கும்தான் தெரிகிறது.

ஓடியது என்று சொல்லிவிட்டால் என்ன? யார் வந்து பார்த்தார்கள்? திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள்.

“எனக்காகப் பொய் மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள்.

சண்டாளி, மனசுக்குள்ளேயே குடியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடந்ததை நர்ஸம்மா தானாகச் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் என்னிடம் சத்தியம் வாங்கினாள். அந்த நர்ஸம்மா வார்டுக்கு வெளியே துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த சின்னவனைப் பார்த்து, “அடேயப்பா, ஆளே மாறிட்டானே!” என்று கன்னத்தைத் தட்டினார்.

மனைவி வேறு எதுவும் சொல்லவில்லை. “அன்னிக்கு இவரு தண்ணி வச்சாரே சிஸ்டர், என்ன பண்ணாரு?”

“என்ன பண்ணாரா? நல்லா கேட்ட போ!” அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “பஞ்ச முக்கிக் குடுத்தா, துணி பிழியற மாதிரி பிழிஞ்சு விட்டுட்டாரு மனுஷன். உச்சியில விழுந்து நெத்தியெல்லாம் வழிஞ்சு, காதுக்குள்ள போய், கீழ போட்ட துணி வரைக்கும் ஈரம். நான்தான் துடைச்சு வேற துணி மாத்தினேன். ‘அறிவிருக்காய்யா உனக்கு’ன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். அதுல பயந்து போய் அடுத்த பிள்ளைக்குப் பஞ்ச ஒட்டப் பிழிஞ்சுட்டு, தொட்டும் தொடாம எடுத்துட்டாரு.”

நான் சத்தியத்தை மறந்துவிட்டேன். “தண்ணி வழிஞ்சது யாருக்கு? மொதல்ல செஞ்சது யாருக்கு?”

“பொண்ணுக்குத்தான்யா. அவ நெலம மோசம்னு அவதான் மொதல்லன்னு நான் சொல்லல?”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடியிருக்கிறது! சின்னவனைச் சாமியார் பார்த்துக்கொள்ளட்டும். என் பெண்ணுக்கு நான் கொடுத்தது முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. “கேட்டியா? ஓடுச்சு, கேட்டியா?” என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

“அதுவரைக்கும் அசையாம கெடந்த பிள்ள,” என்று துணியை எடுத்து மடித்துக்கொண்டே நர்ஸம்மா சொன்னார், “தண்ணி பட்டதும் காலை உதறி அழுதா பாரு.”

மனைவி என் கையை விலக்கிவிட்டு அவர் அருகில் போனாள்.

“அழுதாளா? அவ அழுதாளா சிஸ்டர்?”

“பின்ன? சத்தம்னா சத்தம் இல்ல, சின்னதாத்தான். ஆனா கோவம் இருந்துச்சு.”

“எப்படி?” என்றாள். “எப்படி அழுதா? எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

நர்ஸம்மா மடித்த துணியை மார்போடு வைத்துக்கொண்டு, அந்த நடைபாதையில் ஆள் வருவதும் போவதுமாக இருக்க, என் மகள் அழுத மாதிரியே அழுது காட்டினார்.