பார்வையாளர்: கிபாயத்துல்லா

கொடைக்கானலைச் சுற்றி எனக்குத் தெரியாத காட்டுப்பாதை கிடையாது. இதை நான் சொல்லவில்லை. என் வழிகாட்டி பர்மிட்டில் ரேஞ்சரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த பர்மிட்டோடுதான் செக்போஸ்டில் நின்றேன். ஃபாரஸ்ட் கார்டு நல்லுசாமி உள்ளே விடவில்லை.

"டூரிஸ்ட் எங்க பாய்?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"இந்த வருசத்துலேருந்து புது ரூலுங்க. டூரிஸ்ட் கூட வந்தாத்தான் கைடு உள்ள போகலாம்."

நவம்பர் மழையில் எந்தப் பைத்தியக்காரன் ஊர் பார்க்க வருவான்? எனக்கோ மறுநாள் போயே ஆக வேண்டும். ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்தத் தேதியில்தான் என் மனைவி ஹமீதுன்னிசா காட்டுக்குள் இறந்தாள். மரம் வெட்டுகிறவர்களின் முகாமில் நாங்கள் டீக்கடை போட்டிருந்த காலம். காய்ச்சல். மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதால் ஊருக்குக் கொண்டுவர முடியாமல் அங்கேயே அடக்கினோம். பிறகு முகாம் போய்விட்டது, கபர் மட்டும் ஒற்றையாகக் கிடக்கிறது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த நாளில் போய் ஓதாமல் இருந்ததில்லை. என்னை விட்டால் அவளைப் பார்க்க வர யாருமில்லை. எனக்கும் இங்கே யாருமில்லை, அது வேறு சங்கதி.

ரேஞ்சு ஆபீஸில் கிளார்க் சுவாமிநாதன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "ஒரே வழிதான் பாய். நீங்க டூரிஸ்டா போங்க, பார்வையாளர்னு உங்க பேருல சீட்டு எழுதித் தர்றேன். ஆனா பர்மிட் உள்ள கைடு ஒருத்தர் கூட வரணும்."

"நானே கைடுதானுங்களே."

"ரெண்டுமா ஒரே ஆளு இருக்க முடியாதுங்க."

மழைக்கு மற்ற வழிகாட்டிகள் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவன் ஞானவேல். அறுபதாம் வருஷம் ஊருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டில் என் ஆட்களையே இழுத்துக்கொண்டு போனவன். டூரிஸ்டுகளிடம் நான் பேசுவதை ஒட்டுக்கேட்டு அப்படியே ஒப்பிக்கிறவன். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. வேறு வழியில்லாமல் போய்ச் சீட்டை நீட்டினேன். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. "வெள்ளனே வந்துருங்க," என்றான்.

மறுநாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். எனக்கு வழி காட்டினானாம். அட்டை ஏறும் இடம், வழுக்குப் பாறை என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனான். அத்தனையும் என் வார்த்தைகள். எரிச்சலாக வந்தது.

சோலை ஓரத்தில் கற்கள் தெரிந்ததும் நின்றேன்.

"அது ஒண்ணுமில்ல," என்றான் ஞானவேல். "யாரோ கூலியாளு சமாதி. பேரு தெரியாது. வாங்க, மேல போனா வியூ நல்லா இருக்கும்."

அதுவும் என் வார்த்தைதான். கேட்டவர்களிடமெல்லாம் நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். சந்தோஷமாக ஊர் பார்க்க வந்தவர்களிடம் துக்கத்தைக் கொட்டினால் மறுபடி யார் கூப்பிடுவார்கள் என்று பயம். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே, அவள் காதுபடச் சொல்லியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கூலியாளு இல்ல ஞானவேலு. என் சம்சாரம்."

அவன் தலையிலிருந்த சாக்கை எடுத்துவிட்டான். நான் ஓதி முடிக்கும்வரை நனைந்துகொண்டே நின்றான்.

திரும்பும்போது கேட்டான்: "இனிமே கேக்குறவங்ககிட்ட என்ன பேரு சொல்லட்டும் பாய்?"

வாயைத் திறந்தேன். அவள் போன பிறகு அந்தப் பேரை நான் சத்தமாகச் சொன்னதே இல்லை. சொல்ல யாரிருந்தார்கள்? முதல் தடவை குரல் வரவில்லை.

"ஹமீதுன்னிசா," என்றேன், இரண்டாம் தடவை.